அழுகைக்கு ஒரு ஓட்டு

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தின் ஒலிபெருக்கி திருத்தணி மலையிலிருந்து தெருவரைக்கும் கேட்டது. ஆனந்தன் ஜன்னலைச் சாத்திவிட்டு, விருதுப் போட்டிக்கு வந்திருந்த ஒரு படத்தில் நாயகி அழும் காட்சியை மறுபடியும் ஓடவிட்டார். பக்கத்தில் மனைவி புஷ்பலதா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சினிமாவில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆனந்தன். விருதுக்கு ஓட்டுப் போடும் உறுப்பினர்களில் ஒருவர். இன்னொரு உறுப்பினரான எடிட்டர் அருண்பாண்டியன் சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டான்.

"சிறந்த நடிகைக்கு யாருக்குப் போடறீங்கண்ணா? எல்லாரும் மொட்டை போட்டுகினு நடிச்ச பொண்ணுக்குதான் போடறாங்க."

"நீ அந்தப் படம் பாத்தியா?"

"எங்கண்ணா நேரம்? மொட்டை போட்டிருக்கே, பாவம்."

"நான் இந்த அழுவற பொண்ணுக்குப் போடறேன்."

"அது முகத்துல ஒண்ணுமே வரலியேண்ணா."

"ஆங், தெரியும். கண்ண மூடிகினு கேட்டுப் பாரு."

அப்படிக் கேட்டவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. அழுத பெண்தான் ஜெயித்தாள்.

விழாவை டிவியில் காட்டினார்கள். மேடையில் அவள் இயக்குநருக்கும் அம்மாவுக்கும் மேக்கப்காரருக்கும் நன்றி சொன்னாள். ஆனந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"உன் பேரச் சொல்லவே இல்லியே, புஷ்பா. அழுதது நீதான?"

புஷ்பலதா கழுத்தில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். அந்த நாயகிக்கு டப்பிங் பேசி முடித்த பிறகுதான், புற்றுநோய்க்காக அவளுடைய குரல்வளையை எடுத்தார்கள்.

டிவியை அணைக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவள் கைதட்டினாள். அவளால் எழுப்ப முடிந்த சத்தம் இப்போது அது ஒன்றுதான்.