அக்கா கலந்த தண்ணீர்

"ஒரு கேன் நிறையக் கலந்து வச்சேன். எவளாவது தொட்டீங்களாடி? நன்றி கெட்ட ஜென்மங்களா."

தையல் கூடமே தலையைக் குனிந்துகொண்டது. மெஷின்கள் மட்டும் கடகடவென்று ஓடின.

அக்கா கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. யூனிபாரம் தைக்கும் அந்த இடத்துக்கு அவள்தான் முதலாளி. ஆனால் யாரும் அப்படி நினைத்ததில்லை. அவளைவிட மூத்த, பட்டன் துளை தைக்கும் காஜாக்காரம்மாவுக்குக்கூட அவள் அக்காதான். ஒருத்திக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு வந்து நிற்பாள்.

நேற்று இஸ்திரி போடும் குருவி, வேலை செய்துகொண்டே சுருண்டு விழுந்துவிட்டாள். சோற்றைக் கொத்திக் கொத்திச் சாப்பிடுவாள் என்று அக்கா வைத்த பெயர் அது. வெட்டி வைத்த துணி பறக்கும் என்று அவள் மூலையில் ஃபேனும் கிடையாது.

"உடம்புல தண்ணியே இல்லம்மா" என்றார் டாக்டர். "வேர்வையில உப்பும் போயிடுது. வீட்டுலயே சர்க்கரை உப்புத் தண்ணி கலந்து குடுங்க. இன்னொரு தடவை விழுந்தா ஆபத்து."

காலையில் எழுந்ததும் அக்காவுக்கு அதே வேலை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தாள். லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டாக்டர் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிழிந்துவிட்ட எலுமிச்சம்பழம் மட்டும் அவள் ஆசைக்கு.

"எனக்கு ஒரு டம்ளர் குடேன்" என்று வந்த புருஷனை, "ஃபேனுக்கு அடியில பேப்பர் படிக்கிற ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று விரட்டிவிட்டாள்.

அப்படிச் சுமந்து வந்த கேன், மத்தியானம் ஆகியும் கழுத்துவரை நிற்கிறது. வயிறு எரியாதா?

"உப்புக் கரிக்குதா? இனிப்பு பத்தலையா? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்."

"அமிர்தம்க்கா" என்றாள் காலர் தைப்பவள்.

"அமிர்தத்தை யாராவது மிச்சம் வைப்பாங்களா?"

அக்கா ஒரு டம்ளரை நிரப்பிக்கொண்டு நேராக இஸ்திரி மேஜைக்குப் போனாள்.

"என் கண்ணு முன்னாடி குடி."

குருவி உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரை வைத்தாள். "மிச்சத்தைச் சாயங்காலம் வீட்டுல போய்க் குடிக்கிறேன்க்கா."

"வீட்டுல போய் இஸ்திரியா போடப்போற? நேத்து நீ விழுந்தப்ப என் உசிரே என்கிட்ட இல்ல. மறுபடி விழுந்தேன்னா உங்கம்மாவுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

சொல்லும்போதே அக்காவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த காஜாக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மெஷினை நிறுத்தினாள்.

"குடிச்சா பாத்ரூம் போகணும்ல அக்கா."

"போங்களேன். யாரு வேணாங்கிறா?"

"சாவி உங்க மேஜைல இருக்கு."

"மாடிப்படியில போறவன் வர்றவனெல்லாம் நுழைஞ்சு அசிங்கம் பண்றான்னு, உங்களுக்காகத்தானே பூட்டி வச்சேன்? கேட்டா குடுக்க மாட்டேனா?"

"குடுப்பீங்க. 'என்னடி, மறுபடியுமா?'ன்னு சத்தமா ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் குடுப்பீங்க. யூனிபாரம் வாங்க வந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பாங்க."

வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அக்கா தினமும் கேட்கிற கேள்விதான் அது. போன வாரம் குருவியிடம்கூடக் கேட்டாள். அவள் சாவி வாங்காமல் பாதி வழியிலேயே திரும்பிப் போனதை, வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

போய்ச் சாவியை எடுத்துவந்து இஸ்திரி மேஜைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள்.

"இனிமே யாரும் என்கிட்ட கேக்க வேணாம்" என்றவள் குருவியின் தலையைத் தடவினாள். "ஏண்டி, இவ்வளவு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

குருவி டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"நீங்க ஆசையாத்தானே கேலி பண்றீங்க. சொன்னா உங்க முகம் வாடிடும்க்கா. அதான் எல்லாரும் தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டோம்."