பதினேழாம் எண்

இதுதான் கடைசி பிளாப்பி.

மேலே ஒட்டிய காகிதத்தில் 17 என்று மட்டும் இருந்தது. பெயரும் ஊரும் கிடையாது. பத்திரிகை ஆசிரியர் கஜபதி பழைய கணக்கு வாத்தியார். பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுப்பதுபோலத்தான் அனுப்புவார்.

அந்தோணிராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டான். நேற்று மத்தியானத்திலிருந்து பதினாறு ஆட்டம். ஏழு பாம்பு, ஐந்து கார், நான்கு செங்கல் உடைப்பு. காலைப் பூசைக்கும் போகவில்லை.

எல்லாம் பத்திரிகையின் போட்டிக்கு வாசகர்களே எழுதி அனுப்பிய கம்ப்யூட்டர் ஆட்டங்கள். நூற்றுக்கு அறுபது வாங்கினால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிடும். ஐம்பத்தொன்பது என்றால் பிளாப்பி திரும்பிப் போகும். பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை வாங்க ஆள் வரும்.

பத்திரிகைக்காகக் கடையில் வரும் ஆட்டங்களுக்கும் மாதம் மூன்று என்று ஐந்து வருடமாக மார்க் போடுகிறான். முன்பெல்லாம் ஆடினான். இப்போது தப்பு தேடுகிறான்.

பிளாப்பியைச் செருகினான். டிரைவ் கரகரத்தது. திரையில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது.

கீழே தெருவிலும் ஹாரன் அடித்தது.

"செலினு! லாரி வந்துச்சுடி! கொடத்த எடுத்துகினு ஓடியா!" பக்கத்து வீட்டு முனியம்மாவின் குரல்.

அவன் மனைவி செலின் சமையலறையிலிருந்து இரண்டு குடங்களோடு வந்தாள். எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த ரேடியோ கம்பெனி மூடி எட்டு மாதமாகிறது. வாசலில் நின்றாள்.

"இன்னும் எத்தினி கீது?"

"இதான் கடைசி" என்றான், திரும்பாமல்.

அவள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள்.

ஆட்டம் எளிமையானது. ஒரு பெண் லாரியில் குடத்தை நிரப்பி மாடிக்கு ஏற வேண்டும். வேகமாகப் போனால் தண்ணீர் சிந்தும். மெதுவாகப் போனால் லாரி கிளம்பிவிடும். பன்னிரண்டு குடம் சேர்ந்தால் ஒரு நாள் முடியும். அடுத்த நாள் லாரி இன்னும் தாமதமாக வரும்.

பதினாறு பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. புதுமை: இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு. படம் பதினைந்து. ஒலி பன்னிரண்டு. ஆட்டம் பதினெட்டு. மொத்தம் அறுபத்தொன்பது.

பிறகு தப்புகளைத் தேடினான்.

மேலிருந்து மூன்றாவது படியில் அவள் கால் பதியவே இல்லை. எப்படி ஏற்றினாலும் அதை மட்டும் தாண்டிப் போனாள். 'படியில் பிழை. கழிவு 5' என்று எழுதினான்.

மாடி அறையில் ஓர் ஆள் நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் குடத்தோடு வரும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நின்று நின்று போனாள். அவனை எழுப்பிக் கூட அனுப்பினால் ஆறாறு குடமாக முடித்துவிடலாம். அம்புக்குறி, ஸ்பேஸ், என்டர் என்று எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தான். எல்லா எழுத்துகளையும் வரிசையாக அமுக்கினான்.

அந்த ஆள் அசையவில்லை.

'பயனில்லாத உருவம். எந்த விசைக்கும் இயங்கவில்லை. பெரிய பிழை. கழிவு 10.'

ஐம்பத்துநான்கு. பாவம், யாரோ.

செலின் குடத்தை இறக்கும் சத்தம் பின்னால் கேட்டது. நான்காவது நடையோ ஐந்தாவதோ. மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முதுகுப் பக்கம் நின்றாள்.

"இந்தாளு இன்னா பண்ணாலும் எந்திரிக்க மாட்டேங்கிறான்" என்றான் அவன், கடைசியாக ஒரு தடவை ஸ்பேஸை அமுக்கி. "புரோகிராம்ல தப்பு."

"தப்பில்ல" என்றாள். "அந்தாளு அப்டித்தான்."

காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவன் விரல் விசைமேலேயே இருந்தது. இந்த பிளாப்பி வந்தது நேற்றுத்தான். உறையை இப்போதுதான் கிழித்தான். அந்த ஆளைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜன்னல் வழியாக மாடிப்படி தெரிந்தது. செலின் இறங்கினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது படியைத் தாண்டிக் கால் வைத்தாள். போன மழையில் உடைந்த படி. சிமெண்ட் வாங்கி வந்து பூசுவதாகச் சொன்னவன் அவன்தான். அவன் காலும் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறது. கண்ணுக்குத்தான் தெரியாமல் போயிருந்தது.

அலமாரியைப் பார்த்தான். தொண்ணூற்றைந்தாம் வருடக் காலண்டர் தாளில் அட்டை போட்ட அவளுடைய கம்ப்யூட்டர் புத்தகம். ஆவடியில் ஆறு மாதம் படித்தாள். எதுக்கு உனக்கு இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டிருந்தான். பகலெல்லாம் அவன் வேலைக்குப் போயிருக்கும்போது இந்தக் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது என்று நினைத்திருந்தான்.

படியில் பிழை என்பதைக் கோடு போட்டு அடித்தான்.

பெரிய பிழை என்பதை அடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுபடி கூட்டினான். அறுபத்தொன்பது. பதினேழுக்கு நேரே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான்.

தெருவில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.