ஏழு மணிக்கு வருகிறவள்

அவருடைய கைபேசியில் இருந்த எண்களை மகள் ஒவ்வொன்றாக அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர். பழைய மேனேஜர். குழாய் ரிப்பேர். குழாய் ரிப்பேர் புதுசு. அவர் யாரையும் பெயர் போட்டுச் சேமித்ததில்லை.

எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான். "அப்பா திங்கட்கிழமை காலைல தவறிட்டார்." குரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வந்து மூன்று நாளாகிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாத்திரம் துலக்கினாள், படிவங்களை நிரப்பினாள், வேளை தவறாமல் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

முந்தின நாள் மட்டும், துணி மடித்தபடியே சொன்னாள்: "போன் பண்ணா 'இரு, அம்மாகிட்ட தர்றேன்'னுவார். ஒன்பது வருஷமா அப்பா என்கிட்ட பேசினது அவ்வளவுதாம்மா."

மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசி எண்ணையும் முடித்துவிட்டு, "வேற யாராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"ஒருத்தி இருக்கா."

நிமிர்ந்தாள். "ஒருத்தியா?"

"ஏழு மணிக்கு வருவா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டேன்.

செய்தி வாசிக்கிற பெண் கைகூப்பி வணக்கம் சொன்னாள்.

"இவளா? அப்பாவா?"

"உங்கப்பாதான். இவ வணக்கம் சொன்னா பதிலுக்குச் சொல்லாம இருக்கமாட்டார். பனியனோட உட்காரமாட்டார். பொண்ணு வர்ற நேரம்னு சட்டை மாட்டிக்குவார்."

"கிழிஞ்சுது. அந்தம்மாவுக்கு இவர் தெரிவாராக்கும்!" என்று சிரித்தாள்.

நான் நிறுத்தவில்லை. இவள் இருமினால், வெந்நீர் குடிம்மா என்பார் என்றேன். நாலு மாதம் காணாமல்போய்த் திரும்பி வந்தபோது, பிள்ளை பெற்ற உடம்பு, இன்னும் கொஞ்சம் லீவு கொடுத்திருக்கலாம் என்று அலுவலகத்தைத் திட்டினார் என்றேன். சாப்பிட்டுட்டுப் படு என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் அணைப்பார் என்றேன். மகள் வேலைக்காக வீட்டைவிட்டுக் கிளம்பிய அதே வாரம்தான் இவள் முதன்முதலாகத் திரையில் வந்தாள் என்பதையும் சொன்னேன்.

மகளின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நான் வந்திருக்கிறப்ப ஒரு நாள்கூட இதைப் போட்டதில்லையே?"

"நீ வந்துட்டா இவ எதுக்கு?"

எங்கோ ஒரு பாலத்தைத் திறந்துவைத்தார்கள். எங்கோ மழை பெய்தது. மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க," என்றாள் அந்தப் பெண்ணிடம். "அப்பா திங்கட்கிழமை காலைல…"

அதற்குமேல் வரவில்லை. என் மடியில் சரிந்து, சின்ன வயதில் அழுததுபோல வாய்விட்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா."

"அவருக்கு அதெல்லாம் வராதும்மா," என்றேன். அதில் பொய் இல்லை.

ஏழு மணிக்கு அவர் வீட்டில் இருந்ததே கிடையாது. நடக்கப் போய்விடுவார். எட்டு மணிக்குத் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னைக் கேலியாகக் கேட்பார்:

"என்ன, கிளம்பிட்டாளா உன் பொண்ணு?"