வெள்ளைக் கோடு போட்ட கல்

ரோடு போட வரும் ஜல்லியைப் படம்பிடித்து அனுப்புவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் அலசித் தரம் சொல்லும் வேலை அன்றுதான் அவள் தலையில் விழுந்தது.

மூன்று லோடு, மூன்று படம். மூன்றிலும் வெள்ளைக் கோடு போட்ட அதே கல்!

காண்டிராக்டரைப் போனில் பிடித்தாள். "ஒரே ஜல்லியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து யார் காதுல பூ சுத்துறீங்க?"

"படம் எடுக்கிறது உங்க டிபார்ட்மென்ட் ஆளுதான், மேடம்."

"எந்த ஆளு?"

"அதை என் வாயால எப்படிச் சொல்றது..." போனை வைத்துவிட்டார்.

'எல்லாம் கூட்டுக் களவாணிங்க' என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தவள், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தாள். செடியைச் சுற்றிப் பரப்பியிருந்த ஜல்லிக்கு நடுவே வெள்ளைக் கோடு.

சைட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "கல்லு நனையாமப் பார்த்து ஊத்தும்மா! நாளைக்குப் படம் எடுக்கணும்."