ஆடாத கடலில் ஆடிய முள்

முள் ஆடியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஆட வேண்டுமென்று காலையிலிருந்து நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஆனால் ஆட வாய்ப்பே இல்லையே!

ஜன்னலுக்கு வெளியே கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. மருந்துக்குக்கூட ஓர் அலை இல்லை. கரையிலிருந்து நன்றாகத் தள்ளி எங்கள் மஞ்சள் மிதவை. அலை அதைத் தூக்கிப் போட்டால் அடியில் கட்டிய கயிறு இழுபட்டு, உள்ளே ஜெனரேட்டர் சுற்றும். கேபிள் வழியாக மின்சாரம் வந்து என் மேசை மீட்டரில் முள் ஏறும். அலை இல்லையென்றால் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

இன்றைக்குள் முள் ஏறாவிட்டால் சோதனையை மூடிவிட்டு மிதவையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் குடியிருப்புக்கு மறுபடியும் அந்தப் பழைய டீசல் ஜெனரேட்டர்தான், அதுவும் அதற்கு மனசு வந்தால்தான். அதைச் சொல்லத்தான் அதிகாரி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவே வாசலில் நின்றது.

முள் மறுபடி ஆடியது.

"அலையே இல்லையேம்மா, எப்படி வருது?" என்றார் அதிகாரி.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மீட்டரைத் தட்டினேன். வேறு மீட்டர் மாற்றினேன், அதிலும் ஆடியது. கப்பல் ஏதாவது போனதா என்று பார்த்தால், மிதவைக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு கட்டைகூட மிதக்கவில்லை.

என் வீட்டுக்காரரைக் கேட்கலாம். மிதவைக் கயிற்றில் பழைய வலை சிக்கியிருக்கிறது, அறுத்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே படகில் போனவர். போன் போட்டேன். அது என் மேசையிலேயே சார்ஜில் கிடந்து அலறியது. நல்ல மனுஷன்! வேலை முடிந்ததும் படகிலேயே காலை நீட்டியிருப்பார். தலை சாய்க்க இடம் கிடைத்தால் போதும், இடி விழுந்தாலும் தெரியாது. வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

முள் இப்போது விடாமல் ஆடியது.

கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஓடுகிற அலையாக இருக்கும் என்று அதிகாரி தானே ஒரு காரணம் கண்டுபிடித்து, தானே ஒப்புக்கொண்டும் விட்டார். வாசலில் கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டோம் போலிருக்கிறது. ஆனால் எப்படி ஜெயித்தோம் என்றுதான் புரியவில்லை.

பைனாகுலரை எடுத்தேன்.

மிதவை நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாக அமுங்கி, எழுந்து, மறுபடி அமுங்கியது. கொஞ்சம் தள்ளி அவர் படகு நங்கூரம் போட்டு நின்றது.

படகு ஆடவில்லை.

ஒரே தண்ணீரில் ஒன்று ஆடுகிறது, இன்னொன்று சும்மா நிற்கிறது. இதென்ன கூத்து?

திரும்பி முள்ளைப் பார்த்தேன். அலை என்றால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது சடக் சடக்கென்று இரண்டு, ஓர் இடைவெளி, அப்புறம் ஒன்று. மறுபடி இரண்டு. இடைவெளி. ஒன்று.

சாவியை மறந்துவிட்டு வருகிற நாட்களில் எங்கள் கதவை அவர் அப்படித்தான் தட்டுவார்.

மிதவை அசைந்தால் இங்கே முள் அசையும் என்று அவருக்குத் தெரியும். அதன் முன்னால் நான் இருப்பேன் என்று தெரியும். கத்தினால் கரைக்குக் கேட்காது என்றும் தெரியும். வலை அறுக்கத் தண்ணீரில் இறங்கிய மனுஷன். கால் அதிலேயே மாட்டிக்கொண்டதோ என்னவோ.

ஐயோ!

முள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக ஏறியது.

கைதட்டிக்கொண்டிருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, படகு படகு என்று கத்தியபடி ஓடினேன்.

"எங்கம்மா ஓடுறீங்க? அதான் முள்ளு ஆடிட்டுதானே இருக்கு!" என்று அதிகாரி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பாத்துக்கிட்டே இருங்க சார்" என்றேன். "நின்னுட்டா மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."