பத்து இலக்கங்கள்

பழைய வானொலி நாடகங்களை ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றுவது என் வேலை. எல்லாம் அறுபது வருடத்துக்கு முந்தையவை. அவற்றில் போன் பேசுவது லேசான காரியமில்லை. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த எண்ணும் மூன்று இலக்கத்தைத் தாண்டாது.

அன்று மதியம் ஓடிய நாடகத்தில் கதாநாயகி பத்து இலக்கம் சொன்னாள். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அது என் தம்பியின் செல்போன் எண்.

தம்பி வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அவன் போன் அணைந்தே கிடக்கிறது. "இன்னிக்குப் போட்டுப் பாத்தியா?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

நாடாவைப் பின்னால் சுற்றி, பக்கத்து மேசை எடிட்டரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன்.

"அந்தக் காலத்துல ஏதுக்கா பத்து நம்பர்? எழுதினவர் ரொம்பத் தாராளம் போல" என்று சிரித்தார்.

"அது என் தம்பி நம்பர்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஹெட்போனைத் திருப்பித் தந்தார். "மிச்சத்தையும் கேளுங்கக்கா."

கேட்டேன். "இணைப்புக் கொடுத்துவிட்டேன், பேசுங்கள்" என்றது எக்ஸ்சேஞ்ச் குரல்.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள் கதாநாயகி. மறுமுனைப் பேச்சு பதிவாகியிருக்கவில்லை. அவள் மட்டும் வெகுநேரம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

நாடாவை நிறுத்தாமல் என் போனை எடுத்துத் தம்பியை அழைத்தேன். நீங்கள் அழைத்தவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது.