நெஞ்சின் மேல் கியர்பாக்ஸ்

புது ஃப்ளைவீலும் கிளட்ச்சும் மாட்டி முடித்து, ஜெசிந்தா தன் ரேஸ் காரைக் கிளப்பினாள். பெடலை அழுத்தி மிதித்தும் கியர் விழவில்லை. கரகரவென்று பல்லைக் கடித்தது. கிளட்ச் பிளேட்டைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டியிருக்கிறாள். கியர்பாக்ஸை இறக்கி, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

"வீட்டு வாசல்ல வச்சுச் செய்யற வேலையா இது? வித்துத் தொலை" என்றான் அண்ணன் செல்வின். வாங்குவதற்கு ஓர் ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தான்.

அவள் வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தாள். கடைசி போல்ட்டும் கழன்றதும் கியர்பாக்ஸ் மெல்ல இறங்கி அவள் நெஞ்சின் மேல் உட்கார்ந்தது.

செல்வின் பதறிக் குனிந்தான். "ஏய், நசுங்கிடப்போற!"

அவளுக்கு மூச்சு முட்டியது, குரல் மட்டும் இறங்கவில்லை. "இது திரும்ப மேலே ஏறணும்ணே. வாங்க வந்தவரையும் கூப்பிடு, ஒரு கை பிடிக்கட்டும்."